கதை கட்டுவதும் ஈடு கட்டுவதும்

(ஆங்கில ஆசிரியர்களுக்கான கோடைக்காலப் பயிற்சி வகுப்பின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றிப் பேச இடம் கேட்டேன். கொடுத்தீர்கள். அந்தச் சொல் 'மேக் அப்'. ஏன் அது என்று கேட்பீர்கள். நாற்பது ஆண்டுகளாக அந்தச் சொல்லுக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அது. ஒன்பதாம் வகுப்பு, முதல் பாடவேளை. ஒரு பையன் அரை மணி நேரம் தாமதமாக வந்து வாசலில் நின்றான். காரணம் கேட்டேன். "ராத்திரி எங்க மாடு கன்னு போட்டுச்சு சார்" என்றான். ஆங்கில வகுப்பில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்ற பிடிவாதம் அப்போது எனக்கு இருந்தது. "டோண்ட் மேக் அப் ஸ்டோரீஸ்" என்று கடிந்துகொண்டேன். பையன் ஒரு நொடி விழித்தான். பிறகு சட்டைக் கையை இழுத்து, நெற்றியிலும் கன்னத்திலும் பூசியிருந்த பவுடரை அழுந்தத் துடைத்தான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் அவன் ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். உள்ளே சீம்பால். அவனைப் பொய்யன் என்று நான் சொன்னது அவனுக்குத் தெரியவே இல்லை. முகத்தில் பவுடர் போட்டதற்காகத் திட்டு வாங்கியதாகவே நினைத்திருந்தான்.

அந்தப் பையனுக்குத் தெரிந்த 'மேக்கப்' ஒன்றுதான். நம் எல்லோருக்கும் அப்படித்தான். இந்த வகைச் சொற்களைத் தமிழ் ஏராளமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. மேக்கப், கெட்டப், செட்டப், பில்டப், லாக்கப், பிக்கப், செக்கப் எல்லாம் இன்று தமிழ்ப் பேச்சுதான். படப்பிடிப்பு முடிந்தால் பேக்கப், கணினியில் படி எடுத்து வைத்தாலும் பேக்கப். ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். தமிழ்க் காதில் ஒன்றாகிவிட்டன. ஆனால் எடுத்துக்கொண்டபோது ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பொருளை மட்டுமே எடுத்துக்கொண்டோம், அதுவும் பெயர்ச்சொல்லாக. ஆங்கிலேயருக்கு 'மேக் அப்' பதினைந்து அறை உள்ள வீடு. நாம் வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வீட்டைத் தெரியும் என்கிறோம்.

இதனால் என்ன கெட்டுப்போகிறது? பையன் பவுடரைத் துடைத்ததோடு அது நிற்கவில்லை. அண்மையில் ஓர் அறிவியல் கட்டுரையில் 'நோயாளியின் மரபணு ஒப்பனை' என்று அச்சாகியிருந்ததைப் படித்தேன். மூலத்தில் 'ஜெனடிக் மேக்கப்' என்று இருந்திருக்கும். அங்கே அந்தச் சொல்லுக்கு 'அமைப்பு' என்று பொருள்; இன்னின்ன மரபணுக்கள் சேர்ந்து ஆளை ஆக்கியிருக்கும் விதம். மொழிபெயர்த்தவரோ மொழிபெயர்த்த இயந்திரமோ அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டது. படிக்கிற பிள்ளை மரபணுவுக்கு அரிதாரம் பூசுவார்களா என்று கேட்காது. இதுதான் அறிவியல் தமிழ் போலிருக்கிறது என்று மனப்பாடம் செய்துகொள்ளும். ஆங்கிலத்தில் ஒரு சொல் புரியாமல் போனால் சேதப்படுவது ஆங்கிலம் மட்டுமல்ல, தமிழும்தான்.

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல, நமக்கு மட்டும் உரியதும் அல்ல. சாமுவேல் ஜான்சன் 1755-ல் தம் அகராதியை வெளியிட்டபோது அதன் முன்னுரையிலேயே இதைக் குறிப்பிட்டார். ஒரு வினைக்குப் பின்னால் ஒரு சிறு இடைச்சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் பழக்கம் ஆங்கிலத்தில் மிகுதி, அயல்நாட்டாருக்கு இதுவே பெரிய இடர் என்று கண்டு, அவற்றைக் கவனமாகத் திரட்டினார். ஆனால் அவர் காலத்தில் இவற்றுக்குப் பெயர் இல்லை. 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரை 1925-ல் வெளிவந்த தம் நூலில் லோகன் பியர்சால் ஸ்மித் பரப்பினார். அதைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் எழுதினார். அதாவது, ஆங்கிலேயர் பல நூற்றாண்டுகளாக நாள்தோறும் புழங்கிய ஒன்றுக்குப் பெயர் பரவி நூறு ஆண்டுதான் ஆகிறது. வீட்டில் புழங்குகிற பாத்திரத்துக்கு யார் பெயர் வைப்பார்கள்? அயலார் வந்து கேட்கும்போதுதானே பெயர் தேவைப்படுகிறது.

அப்படி அயலாரை மனத்தில் வைத்தே 1930-ல் சி. கே. ஆக்டன் என்பவர் 'பேசிக் இங்கிலீஷ்' என்றொரு திட்டம் கொண்டுவந்தார். உலகத்தார் எல்லோரும் எளிதாகக் கற்க 850 சொற்கள் போதும் என்றார். அதில் வினைகள் வெறும் 18. கொடு, போ, வா, வை, செய் என்பன போன்றவை. எப்படிச் சமாளித்தார்? அந்த வினைகளோடு அப், அவுட், ஆஃப், இன் முதலியவற்றைச் சேர்த்து. சொற்கள் குறைந்தன, பொருள்கள் குறையவில்லை. 'மேக்' தெரியும், 'அப்' தெரியும், ஆகவே 'மேக் அப்' தெரியும் என்று கணக்குப் போட்டால் என் மாணவனைப் போல முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். 'மேக் அப்' இருக்கும் இடத்தில் வரக்கூடிய 'காம்பன்சேட்', 'ரீகன்சைல்', 'கான்ஸ்டிட்யூட்' என்னும் நீளச் சொற்கள் நம் ஊர் மாணவருக்கு அச்சமூட்டுவதில்லை. நீளமானாலும் அவை பெரும்பாலும் ஒரு பொருளோடு நிற்கும். நாம் எழுதும் ஆங்கிலம் அலுவலகக் கடிதம் போல இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆங்கிலக் குழந்தை தாயிடம் கேட்டு வளர்வது அந்த நீளச் சொற்களை அல்ல. சண்டை போட்ட அண்ணனும் தங்கையும் 'ரீகன்சைல்' ஆவதில்லை; 'மேக் அப்' ஆகிறார்கள்.

சரி, இதை எப்படிக் கற்பிப்பது? அகராதியைத் திறந்தால் எண் போட்ட பட்டியல் இருக்கும். ஒன்று, முகப்பூச்சு. இரண்டு, கற்பனையாகச் சொல்லுதல். மூன்று, சமாதானம். நான்கு, ஈடு செய்தல். ஐந்து, அமைதல். நானும் பல ஆண்டுகள் அந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். தேர்வு முடிந்ததும் மறந்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து பொருள்களை யாரால் நினைவில் வைத்திருக்க முடியும்?

எனக்கு வழி காட்டியது ஆங்கிலத் துறை அல்ல, வேதியியல் ஆய்வுக்கூடம். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நாளில் கண்காணிப்புக்குப் போயிருந்தேன். பருமனறி பகுப்பாய்வு. பிள்ளைகள் ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்கில் கரைசலை ஊற்றி, வாலை வடிநீரைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி குடுவையின் கழுத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக நீரை விட்டாள். கழுத்தில் ஒரு கோடு இருக்கும், தெரியுமல்லவா? நீரின் கீழ்வளைவு அந்தக் கோட்டைத் தொட்டதும் நிறுத்தினாள். "சார், மேக்கப் பண்ணிட்டேன்" என்றாள் வேதியியல் ஆசிரியரிடம். குறிப்பேட்டிலும் '100 மில்லிக்கு மேக் அப் செய்யப்பட்டது' என்றுதான் எழுதுவார்கள்.

எனக்கு அங்கே விளங்கியது. குடுவையில் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது. முழு அளவு எது என்பதைக் கோடு சொல்கிறது. இடையில் இருப்பது குறை. அந்தக் குறையை நிரப்ப, நீர் மேலே ஏறுகிறது. 'அப்' என்றால் மேலே என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோமே, அது இங்கே கண்ணுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. ஏறி, கோட்டைத் தொட்டு, நிறைந்தது. 'ஃபில் அப்', 'யூஸ் அப்', 'ஈட் அப்' எல்லாவற்றிலும் இந்த 'அப்' முழுமையைத்தான் சொல்கிறது. 'மேக் அப்' என்றால் குறைவதைச் சேர்த்து முழுதாக்குவது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 20 மில்லி கரைசலை '100-க்கு மேக் அப் செய்' என்றால் 100 மில்லி நீர் ஊற்று என்பதல்ல. 100 ஆகும்வரை ஊற்று என்பது, ஏறத்தாழ 80. இது தெரியாத மாணவனின் விடை தப்பாகும். மருந்து கலக்கும் இடத்தில் இது தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்துச் சீட்டின்படி மருந்தைக் கலந்து கொடுப்பதையும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'மேக் அப்' என்றே சொல்வார்கள். முன்பு நம் ஊரில் கம்பவுண்டர் சிவப்பு மிக்சரை பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காகிதத்தில் பல் வெட்டி ஒட்டிக் கொடுப்பாரே, அந்த வேலை.

குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற அறைகளுக்குள் போய்ப் பாருங்கள். சீட்டாட்டத்துக்கு மூன்று பேர் இருக்கிறார்கள், நான்காவது ஆளாகச் சேர்ந்து எண்ணிக்கையை நிரப்புகிறவர் 'மேக் அப்' செய்கிறார். தவறவிட்ட தேர்வுக்குப் பதிலாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எழுதும் தேர்வு 'மேக்கப் எக்ஸாம்'. ஓட்டுநர் பிந்திய நேரத்தை ஈடு செய்கிறார். கணப்பில் கரி குறைந்தால் கரி போட்டு நெருப்பை 'மேக் அப்' செய்கிறார்கள். விருந்தாளிக்குப் படுக்கை விரித்துத் தயாராக்குவதும் அதுவே. பாதி மனதாக இருந்தவன் மனத்தை முழுதாக்கிக்கொண்டால் அவன் முடிவெடுத்துவிட்டான். நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்பவனும் ஓர் இடைவெளியைத்தான் நிரப்புகிறான். கேட்பவர் எதிர்பார்க்கும் பதில் அவனிடம் இல்லை. இல்லாததைக் கையிலிருந்து போட்டு நிரப்புகிறான்.

இந்தப் பொருள்கள் வரலாற்றில் இந்த வரிசையில்தான் பிறந்தன என்று நான் சொல்லவில்லை. அது அகராதியியலாளர் வேலை. நான் சொல்வது கற்பவனுக்கு ஒரு கைப்பிடி. ஆனால் பழைய சான்றுகள் இந்தக் கைப்பிடிக்கு அரணாகத்தான் இருக்கின்றன. 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், எசேக்கியேல் நூலில், வேலியின் உடைப்பைச் சரிசெய்யும் ஆளைத் தேடுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே வேலியை 'மேக் அப்' செய்வது என்றே வருகிறது. அதே வசனத்தைத் தமிழில் படித்து வளர்ந்த கிறித்தவர்கள் 'திறப்பில் நிற்பது' என்ற தொடரை இன்றும் ஜெபத்தில் சொல்வார்கள். திறந்து கிடக்கிற இடத்தை அடைப்பதுதான் பொருள். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு நாடகம் தொடங்குவதே ரிச்சர்டின் தனிமொழியோடு. தான் பாதிகூட 'மேட் அப்' ஆகாமல், உரிய காலத்துக்கு முன்னே இந்த உலகத்துக்குள் அனுப்பப்பட்டதாக அவன் குமுறுகிறான். உருவம் முழுமையாகவில்லை என்பது அவன் வேதனை. 'மேக்கப் போடாமல் வந்தேன்' என்று அதைப் புரிந்துகொள்ளும் மாணவனுக்கு அந்த நாடகத்தின் வாசல் கதவே திறக்காது.

முகப்பூச்சு என்ற பொருள் மேடையிலிருந்து இறங்கி வந்தது. நடிகன் தன்னிடம் இல்லாத முகத்தை உண்டாக்கிக்கொள்வது 'மேக் அப்'. சொந்த முகத்துக்கும் பாத்திரத்தின் முகத்துக்கும் இடையே உள்ள குறையை மீசையும் சாயமும் நிரப்பின. நெடுங்காலம் அது நாடகக்காரர் சொல்லாகவே இருந்தது. போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மேக்ஸ் ஃபேக்டர், 1914-ல் திரைப்பட நடிகர்களுக்கென்று வெடிக்காத மெல்லிய பூச்சு ஒன்றை உருவாக்கினார். பின்னர் அவர் சரக்கு பொதுமக்களின் கைக்கும் வந்தது. நடிகைக்குரிய சொல் குடும்பப் பெண்ணின் மேசைக்கு வந்தது அப்படித்தான். அங்கிருந்து சினிமாவோடு நம் ஊருக்கும் வந்து, கடைசியில் ஒன்பதாம் வகுப்புப் பையனின் நெற்றியில் வந்து நின்றது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 'மேக் அப்' தமிழனுக்குப் புதிய வீடே அல்ல. அதே மாதிரி ஒரு வீட்டில்தான் நாம் பிறந்து வளர்ந்தோம். அந்த வீட்டின் பெயர் 'கட்டு'.

பொய் சொல்பவன் என்ன செய்கிறான்? கதை கட்டுகிறான். கூத்தில் நடிப்பவர்? வேஷம் கட்டுகிறார். அது வெறும் பேச்சு வழக்கும் அல்ல; புஜத்திலும் மார்பிலும் தலையிலும் மரக்கட்டை அணிகளைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டுதான் கூத்துக் கலைஞர் அர்ச்சுனன் ஆகிறார்; கட்டைக்கூத்து என்ற பெயரே அந்த அணிகளால் வந்தது. நட்டத்தைச் சரிசெய்பவர் ஈடு கட்டுகிறார். அவன்தான் திருடன் என்று ஊரார் தீர்மானித்துவிட்டால் முடிவு கட்டிவிட்டார்கள் என்கிறோம். கல்லூரி மலரை அச்சுக்குக் கொண்டுபோன நாள்களில் அச்சகத்தில் பார்த்திருக்கிறேன்: 'கேலி' என்னும் தட்டில் கிடக்கும் எழுத்து வரிகளைப் பக்க அளவுக்கு வெட்டி, தலைப்பும் படக்கட்டையும் வைத்து, நூல் சுற்றி இறுக்குவார்கள். அதற்குப் பக்கம் கட்டுவது என்று பெயர். ஆங்கில அச்சுக்கூடத்தில் அதே வேலைக்குப் பெயர் 'பேஜ் மேக்கப்'.

கதை, வேஷம், ஈடு, முடிவு, பக்கம். ஐந்து இடத்திலும் ஆங்கிலேயர் 'மேக் அப்' என்கிறார், நாம் 'கட்டு' என்கிறோம். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டதல்ல இது. சிதறிக் கிடப்பதைச் சேர்த்து முழுதாக்கும் கையை இரண்டு மொழிகளும் தனித்தனியாகப் பார்த்திருக்கின்றன. பொய்யும் வேடமும் இழப்பீடும் தீர்மானமும் அந்தக் கையின் வேலைகளே என்று இரண்டும் உணர்ந்திருக்கின்றன. இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! நம் பிள்ளைகளிடம் 'இது கடினமான பாடம்' என்று சொல்லிச் சொல்லி எத்தனை ஆண்டுகளை வீணாக்கியிருக்கிறேன் என்ற வருத்தமும் கூடவே வந்தது.

'கட்டு' மட்டுமா? தமிழ் கற்க வரும் வெளிநாட்டாரைக் கேட்டுப் பாருங்கள். 'கொடு' தெரிந்துகொள்வார். பிறகு சொல்லிக்கொடு, விட்டுக்கொடு, காட்டிக்கொடு என்று மூன்றைக் கேட்டுத் திகைப்பார். காட்டுவது நல்லது, கொடுப்பதும் நல்லது, இரண்டையும் சேர்த்தால் எப்படித் துரோகம் ஆகிறது? எழுதிவைத்தான், எழுதிக்கொண்டான், எழுதித் தள்ளினான், எழுதிக் கிழித்தான். எழுதிக் கிழித்தவன் உண்மையில் எழுதவே இல்லை! மூன்று வயதில் இதையெல்லாம் பிசகில்லாமல் பிடித்துக்கொண்ட பிள்ளை, பத்து வயதில் 'மேக் அப்' பிடிபடாமல் நிற்கிறது என்றால் குறை பிள்ளையிடம் இல்லை.

ஒப்பீடு எல்லா இடத்திலும் பொருந்தாது. மனத்தைக் கட்டு என்றால் தமிழில் அடக்குவது, ஆங்கிலத்தில் தீர்மானிப்பது. பணம் கட்டு, தாலி கட்டு என்பவை ஆங்கில வீட்டில் இல்லாத அறைகள். 'மேக் அப் டு' என்று ஓர் ஆளை நோக்கி வந்தால் காரியத்துக்காகக் குழைவது என்று பொருளாகிவிடும். நாம் அதைக் காக்கா பிடிப்பது என்போம். ஆய்வுக்கூடத்து 'மேக் அப் டு' வேறு, இது வேறு. இந்த வேற்றுமைகளை மறைக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிள்ளைகள் விரும்பிக் கேட்பதே இவற்றைத்தான்.

இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வினையாக வரும்போது அழுத்தம் 'அப்' மேல் விழும். பெயராக வரும்போது 'மேக்' மேல் விழும். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை, ஆகவே நம் காது அதைத் தேடுவதில்லை. வாயால் சொல்லிக் காட்டாமல் இது வராது. அடுத்து, 'அதை' என்ற சுட்டு வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'மேட் இட் அப்'. 'மேட் அப் இட்' என்று ஒருபோதும் வராது. இதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இருபது முறை சொல்ல வையுங்கள், நாக்கு பிடித்துக்கொள்ளும்.

சண்டைக்குப் பின் ஒன்றுசேர்வது என்ற பொருளை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அங்கே 'கட்டு' எனக்குக் கைகொடுக்கவில்லை. மல்லுக்கட்டுவது என்றால் சண்டையே போடுவது, நேர் எதிர்ப்பொருள். சமாதானம், சமரசம், இணக்கம் என்று என்ன எழுதினாலும் அதில் பஞ்சாயத்து வாடை அடித்தது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஆறாம் வகுப்பில் இதை நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்தில் இரண்டு சிறுமிகள் சண்டை போட்டு மறுநாள் 'மேக் அப்' ஆகிறார்கள். மேசையில் ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க் இருந்தது, வேதியியல் துறையில் இரவல் வாங்கியது. குறை என்றேன், நிரப்புதல் என்றேன், உடைந்த நட்பு மறுபடி முழுதாவது என்றேன். முதல் வரிசையில் இருந்த ஒரு சிறுமி, கையைத் தூக்காமலே, பக்கத்தில் இருந்தவளின் விரலைத் தன் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"காய் விட்டுட்டு அப்புறம் பழம் விடுறது, அதானே சார்?"